கையெழுத்துப் போடும் மூலை

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் போகிற சாலையில் எந்தச் சுவர் யாருடையது என்பது சுவர் எழுதுகிறவனுக்குத் தெரிந்த அளவுக்குப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குத் தெரியாது. பட்டா ஒருவர் பெயரில் இருக்கும். எழுதுவதற்கு இன்னொருவரிடம் கேட்க வேண்டும். ஒரு கட்சி வருடத்தைப் போட்டு ‘ரிசர்வ்டு’ என்று எழுதி வளைத்த சுவர், அந்த வருடம் முடிந்த பிறகும் அவர்களுடையதுதான். மின்கம்பத்தில் இரண்டு நிறத்தில் பட்டை அடித்திருந்தால், அந்தத் தெருவில் எந்த நிற டப்பாவைத் திறக்கக் கூடாது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பா. ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ 2014-ல் வந்தது. ஒரு சுவரும் அதில் வரைந்த முகமும் வடசென்னையில் எத்தனை உயிரை வாங்குகின்றன என்பதுதான் படம். பார்த்துவிட்டு வெளியே வந்த எங்கள் ஆட்களில் ஒருவரும் அதைக் கற்பனை என்று சொல்லவில்லை.

நான் தொழில் கற்றது காஞ்சிபுரத்தில். வாத்தியார் தேர்தல் எழுத்தில் பெயர் எடுத்தவர். வஜ்ரப் பசையை முந்தின இரவே ஊறவைத்து, காலையில் காய்ச்சி, சுண்ணாம்பில் விட்டு வெள்ளை அடிப்போம். காய்ந்ததும் நீலம் தடவிய நூலை ஆளுக்கொரு முனையில் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால் கோடு விழும். அந்தக் கோட்டுக்குள் எழுத்தை உட்கார வைப்பதுதான் முதல் பாடம். ‘ஞ’வும் ‘ழ’வும் கைக்கு வர எனக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது. கடைசிப் பாடம், வேலை முடிந்ததும் கீழே வலது மூலையில் நம் பெயரைச் சின்னதாக எழுதுவது. எழுத்து காயும்வரை அதை வாத்தியார் எழுத விடமாட்டார். “தப்பு இருந்தா இன்னும் திருத்தலாம். பேரு போட்டுட்டா அது உன் தலைமேல” என்பார்.

1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அடிக்கல் நாட்டியது. 1998-ல் அங்கிருந்து முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006-ல் நோக்கியா. பிறகு ஒரகடம் பக்கம் 2010-ல் ரெனோ-நிசான், 2012-ல் டெய்ம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு. ஒவ்வொரு கம்பெனி வரும்போதும் என் தொழிலின் முகம் மாறியது. முதலில் ரியல் எஸ்டேட் போர்டு, அடுத்து டிபன் கடை, அப்புறம் மகளிர் விடுதி. ஒடிசா, பீகார், அசாம் பிள்ளைகள் வந்தபோது இந்தியில் எழுதக் கற்றேன். 2014 நவம்பர் 1-ஆம் தேதி நோக்கியா மூடியது. நானே எழுதிக் கொடுத்த விடுதிப் பெயர்களின் மேல் நானே வெள்ளை அடித்த மாதங்கள் அவை. இதற்கு நடுவே ஃப்ளெக்ஸ் வந்து முகங்களைப் பிடுங்கிக்கொண்டது. 2019 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளுக்கு உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயமானதும் பிளேட் எழுதி வந்த சில்லறை வருமானமும் போனது. அதே வருடம் செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஃப்ளெக்ஸ் பேனர் சரிந்து விழுந்து சுபஸ்ரீ என்ற இளம்பெண் இறந்தார். கட்சிகள் பேனர் வைக்கமாட்டோம் என்று சொன்னதும் கொஞ்ச நாள் சுவர் எழுத்துக்கு மறுபடி ஆள் தேடினார்கள். ஒரு பெண்ணின் சாவில் எங்களுக்கு வந்த வேலை அது. செய்யாமலும் இருக்க முடியவில்லை.

இப்போது என் கடையில் இருக்கும் பையனின் வேலையைத்தான் முதலில் பார்த்தேன், அவனைப் பிறகுதான். ஒரகடம் கூட்ரோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, தண்ணீர் லாரிகள் நிறுத்தும் ஒரு ஷெட்டின் பக்கவாட்டுச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு முகம். இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத ஒரு பையன். கீழே பிறந்த தேதி, இறந்த தேதி. வெட்டிக் கொன்றார்கள் என்பது ஊருக்கே தெரியும். நான் பைக்கை நிறுத்தியது செத்தவனுக்காக இல்லை, அந்தத் தோல் நிறத்துக்காக.

கறுப்பு முகத்தைக் கறுப்புப் பெயிண்டால் வரைய முடியாது. கறுப்பை ஊற்றினால் முகம் செத்துவிடும். ரெட் ஆக்சைடோடு மஞ்சள் ஓக்கர் சேர்த்து அடித்தளம் போட்டு, கன்னம் திரும்புகிற இடத்தில் நீலம் கலந்த பழுப்பை இழுக்க வேண்டும். நெற்றியில் வெளிச்சம் விழுகிற இடத்தில் வெள்ளையை வைக்கக் கூடாது, வைத்தால் எண்ணெய் வழிகிற மாதிரி ஆகிவிடும். அங்கே இளமஞ்சளில் ஒரு துளி ரோஸ் போதும். ஃப்ளெக்ஸ் கடையில் கணினியில் ஒரு பொத்தானைத் தட்டி எல்லா முகத்தையும் வெளுப்பாக்கித் தந்துவிடுகிறார்கள். செத்தவனின் அம்மாவுக்கே அடையாளம் தெரியாது. இந்தச் சுவரில் இருந்தவன் அவன் அம்மா பெற்ற நிறத்தில் இருந்தான். இடது புருவத்தில் ஒரு பழைய தழும்புகூட விட்டுப்போகவில்லை. வலது மூலையில் ஒரு பெயர், பக்கத்தில் ‘ஆர்ட்ஸ்’, கீழே போன் நம்பர்.

அந்த நம்பருக்குப் போன் செய்தேன். வந்து நின்றவனுக்குப் பத்தொன்பது வயது. பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் தவறி வீட்டில் இருந்தான். அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கட்டம் போட்டு வரைந்தாயா என்று கேட்டேன். நாங்கள் படத்தின் மேல் அங்குலக் கட்டமும் சுவரில் அடிக் கட்டமும் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பெருக்கிக் கொண்டுபோவோம். “இல்ல மாஸ்டர். ரெண்டு கண்ணுக்கு நடுவுல எவ்ளோன்னு பிரஷ் காம்புல குறிச்சிக்குவேன். மீதியெல்லாம் அதுக்குள்ளயே வந்துடும்” என்றான். அன்றைக்கே அவனை வேலைக்குச் சேர்த்துக்கொண்டேன்.

அவன் யாருடைய ஆள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இந்த வட்டாரத்துக் கும்பல்களைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சினிமாவில் பார்த்த மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே அது பெரும்பாலும் ஒப்பந்தத் தகராறு. கம்பெனியிலிருந்து வெளியே வரும் கழிவு இரும்பு, அட்டை, மரப்பலகைகளை யார் எடுப்பது, ஆட்களை ஏற்றும் வேன் யாருடையது, தண்ணீர் லாரி யாருடையது, பள்ளத்தை நிரப்ப சவுடு மண் யார் அடிப்பது, கான்ட்ராக்ட் ஆள் யார் அனுப்புவது. நிலத்தை சிப்காட்டுக்குக் கொடுத்த ஊர்களில், நிலம் போனாலும் இந்த வேலையாவது நம் ஊர்க்காரனுக்கு வேண்டும் என்று தொடங்கிய நியாயமான கோரிக்கைதான் பல இடங்களில் மாமூலாகவும் கட்டப்பஞ்சாயத்தாகவும் கத்தியாகவும் திரும்பியது. மேலே நாலு பேர் சம்பாதிக்கிறார்கள். கீழே நாற்பது பையன்கள் ‘அண்ணன் கூப்பிட்டார்’ என்று போய் நிற்கிறார்கள். இவன் அந்த நாற்பதில் ஒருவன். கத்தி தூக்கியவன் இல்லை. முகம் வரைந்து கொடுப்பான், டேங்கர் லாரியின் பின்பக்கம் வேல் வரைவான், பிறந்தநாளுக்கு எழுதுவான். பழைய பைக்குகளுக்கு 8055 என்ற நம்பரை ‘பாஸ்’ என்று ஆங்கிலத்தில் தெரிகிற மாதிரி வளைத்து எழுதித் தருவான். மோட்டார் வாகன விதிப்படி அது குற்றம், ஆனால் எழுத்து என்று பார்த்தால் அருமையான வளைவு.

“ஏண்டா அவங்களோட சுத்தற?” என்று நான் கேட்டதில்லை. அவன் அம்மா தானாகவே சொன்னார். அவன் அப்பா ஒரு பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தவர். மெஷினில் வலது கையின் இரண்டு விரல்கள் போயின. ஆள் அனுப்பிய காண்ட்ராக்டர், அவர் தன் ஆளே இல்லை என்றான். கம்பெனியிலோ, காண்ட்ராக்டரைக் கேள் என்றார்கள். இ.எஸ்.ஐ. அட்டை இருந்ததா இல்லையா என்பதே அவருக்குத் தெரியாது. 1948-ஆம் வருட இ.எஸ்.ஐ. சட்டப்படி ஒப்பந்தத் தொழிலாளிக்கான சந்தாவையும் முதன்மை முதலாளிதான் முதலில் கட்டியிருக்க வேண்டும். அந்த வீட்டுக்கு வந்து இதைச் சொல்ல ஒருவரும் இல்லை. வந்தவர் ‘அண்ணன்’. காண்ட்ராக்டரின் ஆபீசில் போய் உட்கார்ந்தார், சாயங்காலத்துக்குள் பணம் வந்தது. “அந்தக் காசுலதாண்ணா கட்டு பிரிக்கிற வரைக்கும் அடுப்பு எரிஞ்சுது” என்றார் அந்த அம்மா. உடனே அதே மூச்சில், “எப்படியாச்சும் இவனை அவங்ககிட்டேர்ந்து பிரிச்சு உட்ருங்கண்ணா” என்றார். இரண்டும் அவர் மனதாரச் சொன்னது.

கும்பல் என்றதும் மிரட்டலை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பையன்கள் புரியமாட்டார்கள். விசுவாசம் சும்மா வந்துவிடவில்லை. சட்டம் வந்து நிற்க வேண்டிய வாசலில் ஒரு ரௌடி வந்து நின்றிருக்கிறான். அந்தக் கடனை ஒரு புத்திமதியால் அடைக்க முடியாது. நான் அந்த அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்: “பிரிக்க என்னால முடியாதும்மா. திங்கட்கிழமை வேலை இருக்கு, வரச் சொல்லுங்க.”

இன்னொன்றும் இருந்தது. அதை எங்கள் தொழில்காரன்தான் கவனிப்பான். கும்பல் அவனைப் பெயர் போட விட்டது. சுவரில் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் எழுதிக்கொள் என்றது. ஏரியாவில் நாலு பேர் அவனை ‘ஆர்ட்டிஸ்ட்’ என்று கூப்பிட்டார்கள். அந்த மூலையில் இருந்த நம்பரைப் பார்த்துத்தான் டேங்கர் முதலாளிகள் அவனைத் தேடி வந்தார்கள், நானும் வந்தேன். கம்பெனி வேலையில் அது கிடையாது. மெஷின் ஷாப் தரையில் மைல் கணக்கில் மஞ்சள் கோடு இழுத்தாலும் கேன்டீன் சுவர் முழுக்க வயலும் மாடும் வரைந்தாலும் உன் பெயர் எங்கும் இருக்காது. பில்லில்கூட காண்ட்ராக்டர் பெயர்தான். ஓவியன் ஒருவனைப் பிடித்திழுக்கிற கயிறு கூலி மட்டுமில்லை. ஒரு காலத்தில் சென்னையில் சினிமா பேனர்களில் ‘மோகன் ஆர்ட்ஸ்’ என்ற பெயரைப் படிக்கவே அண்ணாந்து பார்த்தவர்கள் உண்டு. எம்.எஃப். ஹுசைன் பம்பாயில் சினிமா போர்டு எழுதித்தான் ஆரம்பித்தார். அவருடைய கையெழுத்துக்கு உலகம் பிறகு என்ன விலை கொடுத்தது என்று எல்லாருக்கும் தெரியும். பத்தொன்பது வயதுப் பையனுக்குத் தன் பெயரை வெளிச்சத்தில் பார்க்க ஆசை வருவதில் ஒரு குற்றமும் இல்லை. எந்தச் சுவர் அதற்கு இடம் கொடுக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கம்பெனி வேலையை அவன் வேகமாகக் கற்றான். தொழிற்சாலையில் குழாய்க்குக் குழாய் நிறம் உண்டு, இந்திய தரநிலை 2379 என்பார்கள். தண்ணீருக்குக் கடல்பச்சை, நீராவிக்கு வெள்ளிச் சாம்பல், காற்றுக்கு வான்நீலம், எரிவாயுவுக்கு மஞ்சள், எண்ணெய்க்கு இளம்பழுப்பு, அமிலத்துக்குக் கரும் ஊதா. மேலே வரும் வளையத்தின் நிறத்தை வைத்து அது குடிதண்ணீரா, குளிர்விக்கும் தண்ணீரா என்று பிரிக்க வேண்டும். ஒரு வளையம் தப்பினால் நாளைக்கு ஒருவன் தவறான வால்வைத் திறப்பான். அவன் அதை ஒரே மாலையில் மனப்பாடம் செய்தான். மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள். அதை ஒட்டி எல்லாக் கம்பெனியிலும் சுவரில் ஹெல்மெட் போட்ட தொழிலாளியை வரையச் சொல்வார்கள். பெரும்பாலும் வெள்ளைக்கார முகம் ஒன்றை இணையத்திலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். இவன் அதை வாங்கி மடித்து வைத்துவிட்டு, தன் அப்பாவின் முகத்தை வரைந்தான். கையுறை போட்ட வலது கையை மார்புக்கு நேராகத் தூக்கிக் காட்டுகிற அப்பா. ஐந்து விரலும் இருந்தன. பாதுகாப்பு அதிகாரி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இதுவே இருக்கட்டும் என்றார். யார் முகம் என்று அவருக்கு நான் சொல்லவில்லை.

பிறகு கேட் வந்தது. பெரிய கம்பெனி ஒன்றில் மூன்று மாத வேலை கிடைத்தது. உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் காவல்துறை சரிபார்ப்புச் சான்று வேண்டும் என்றார்கள். அவன் பெயரில் அடிதடி வழக்கு எதுவும் இல்லை. ஆனால் ஒரு பிறந்தநாள் கூட்டத்தில் பிடித்தவர்களோடு சேர்த்து அவனிடமும் நன்னடத்தைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 129. 2018 பிப்ரவரியில் மலையம்பாக்கத்தில் ஒரு ரௌடியின் பிறந்தநாளில் போலீஸ் சுற்றி வளைத்து எழுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தது நாடு முழுக்கச் செய்தியானது. அந்த வாரம் இந்தப் பக்கத்து அம்மாக்கள் பையன்களின் போனை வாங்கி கேக் வெட்டுகிற படங்களை அழித்தார்கள். கத்தி வைத்தவனும் கேக் சாப்பிட வந்தவனும் போலீஸ் எடுக்கும் படத்தில் ஒரே வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். காவல்துறைக்கு அதில் நியாயம் இருக்கிறது, கொலைகள் நிஜம். ஆனால் அந்தத் தாள் பையனுக்கு என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வெளியே வர நினைக்கிறவன் முன்னால் கம்பெனியின் கேட் சாத்துகிறது. கும்பலின் ஷெட்டுக்குக் கேட்டே கிடையாது.

இது எங்கள் சாலையின் பிரச்சினை மட்டும் இல்லை. சென்னையின் நதிக்கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் கொண்டுபோய் வைத்த கண்ணகி நகரில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். விலாசத்தைச் சொன்னாலே வேலை இல்லை என்பார்கள் என்று அங்குள்ள பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 2020-ஆம் வருடத் தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியா என்ற அமைப்பு, ஏஷியன் பெயின்ட்ஸோடும் மாநகராட்சியோடும் சேர்ந்து அந்தக் குடியிருப்பின் சுவர்களில் நாலு மாடி உயரத்துக்கு ஓவியங்கள் வரைய வைத்தது. சென்னையின் ஏ-கில் உட்பட உள்ளூர், வெளிநாட்டு ஓவியர்கள் வந்தார்கள். நான் இவனை பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினேன். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தான். ஸ்பிரே பெயின்ட்டில் கன்னத்தின் நிழலை எப்படி உருக்கியிருக்கிறார்கள் என்று சுவரில் மூக்கு படுகிற அளவுக்கு நெருங்கிப் பார்த்தான். திரும்பி வரும்போது ஒரே கேள்வி: “இதை வரையறதுக்கு யார்கிட்ட கேட்டாங்க மாஸ்டர்?” மாநகராட்சியிடம் என்றேன். ஒரு சுவருக்கு அரசாங்கத்திடமும் கேட்கலாம் என்பது அதுவரை அவனுக்குத் தோன்றியதே இல்லை.

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரம் 1984-ல் சுவர்க் கிறுக்கலை ஒழிக்க ஒரு திட்டம் தொடங்கியது. ஜேன் கோல்டன் என்ற ஓவியரை அதற்கு அமர்த்தினார்கள். அவர் பையன்களைத் துரத்தவில்லை. இருட்டில் எழுதிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டுப் பகலில் ஏணி கொடுத்து, சுவர் கொடுத்து, கூலியும் கொடுத்தார். அந்த நகரத்தில் இதுவரை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சுவரோவியங்கள் அப்படி எழுந்திருக்கின்றன. இதை ஒரு ஓவியர் எனக்குப் படங்களோடு விளக்கியபோது, அதில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது கருணை இல்லை, வாரச் சம்பளம். எங்கள் சாலையில் சிப்காட்டின் சுற்றுச்சுவர்கள் எத்தனை கிலோமீட்டர் வெறுமையாக நிற்கின்றன!

செத்தவனின் முதலாம் ஆண்டு நினைவு நாள் நெருங்கியது. அதே ஷெட் சுவரைப் புதுப்பிக்க வேண்டும், முகம் இன்னும் பெரிதாக வேண்டும், கீழே ஒரு வரி. ‘பதில் வரும்’ என்கிற மாதிரி. அதோடு எதிர்த் தரப்பின் சுவர் ஒன்றையும் அடித்துவிட்டு அதில் எழுத வேண்டும் என்று அண்ணனின் ஆட்கள் சொன்னார்கள். அவன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கடையைச் சாத்துகிற நேரத்தில் சொன்னான். “அவன் என் ஃபிரண்டு மாஸ்டர். அஞ்சாவதுலேர்ந்து ஒண்ணா படிச்சோம். வரையமாட்டேன்னு எப்படிச் சொல்றது?”

வரையாதே என்று நான் சொல்லவில்லை. “முகத்தைப் போடு. உனக்குத் தெரிஞ்சதிலேயே நல்லா போடு. அது உன் துக்கம், அதை யாரும் கேட்க முடியாது. அந்த வரி உன் துக்கம் இல்ல. அது இன்னொருத்தன் சொல்றது, உன் கையில எழுதறான். அதுக்குக் கீழ உன் பேரு இருக்கும். அந்தச் சுவர் அவங்களோடது, அங்க கை வைக்காத” என்றேன்.

அவன் அண்ணனிடம் போய் என்ன சொன்னான், எப்படிச் சொன்னான் என்பதை முழுசாக என்னிடம் சொல்லவில்லை. ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. முகத்தை மட்டும் வரைந்தான். போன வருடத்தைவிட நன்றாக இருந்தது. சிரிப்பு தொடங்குவதற்குச் சற்று முன்னால் இருக்கிற உதடு அது, எங்கள் தொழிலில் பிடிக்கவே முடியாத இடம். அந்த வரியை அவர்கள் வேறு ஊரில் ஃப்ளெக்ஸாக அடித்து ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டினார்கள். மறுநாள் போலீஸ் அதைக் கழற்றியது. அடித்துக் கொடுத்த கடைக்காரரை ஸ்டேஷனுக்கு அழைத்தார்கள், கட்டியவர்களைத் தேடினார்கள். சுவர் அப்படியே இருந்தது. ஒரு இன்ஸ்பெக்டர் அதன் முன்னால் நின்று மூலையில் இருந்த நம்பரைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார் – அவன் இப்போது என் கடை நம்பரைத்தான் எழுதுகிறான். வரைந்தது என் கடைப் பையன், வேலைக்கு ஒழுங்காக வருகிறான், வருகைப் பதிவேடு இருக்கிறது என்று சொன்னேன். வந்து பார்த்தார், கையெழுத்துகளைப் புரட்டினார், போய்விட்டார்.

கேட்டுக்குள் விடாத பையனைக் கேட்டுக்கு வெளியே வேலை செய்ய விடாமல் இருக்க யாராலும் முடியாது. அதனால் சுற்றுச்சுவர் வேலைகளைத் தேட ஆரம்பித்தேன். வல்லம்-வடகால் பக்கம் ஒரு கம்பெனி, சாலையைப் பார்த்த மதிலில் ஊரின் பழைய ஏரிகளையும் பறவைகளையும் வரையச் சொன்னது. எங்கள் பையன்களுக்கு ஏரி தெரியும். மதில் நிற்கிற இடமே ஒரு காலத்தில் தண்ணீர் பாய்ந்த வயல். காண்ட்ராக்டரிடம் விலை பேசி முடித்த பிறகு, ஓவியன் பெயர் மூலையில் வரும் என்றேன். கம்பெனி மதிலில் வேறு பெயர் கூடாது என்றார். அப்படியானால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். இரண்டு நாள் கழித்து, மூன்று அங்குல உயரத்துக்கு மேல் போகக் கூடாது, போன் நம்பர் கூடாது, பெயர் மட்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். மூன்று அங்குலம் தாராளம்.

மதில் முடிந்த அன்றைக்கு நாலைந்து பைக்கில் அவன் ஏரியா பசங்க வந்தார்கள். நான் எழுந்து நின்றேன். அவர்கள் சண்டைக்கு வரவில்லை. நாரையின் கால் பக்கத்தில் இருந்த பெயரைக் கண்டுபிடித்து, அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். “நம்ம ஆளுடா” என்று ஒருவன் தோளில் கை போட்டான். இவனும் சிரித்தான். இவனை அவர்களிடமிருந்து பிரித்துவிட்டேன் என்று நான் சொல்லமாட்டேன், அது உண்மையில்லை. ஞாயிற்றுக்கிழமை இன்னும் அந்த ஷெட்டுக்குத்தான் போகிறான். ஆனால் பிறந்தநாளுக்கு எழுதுவதை விட்டுவிட்டான். கூப்பிட்டால், மாஸ்டர் கடையில் வேலை என்கிறான். அவர்களும் சில நாள் விடுகிறார்கள், சில நாள் விடுவதில்லை.

தவறிய பாடத்தை எழுதித் தேறிவிட்டான். 1850-ல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளிதான் இன்றைக்கு எழும்பூரில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி. கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்த இடம். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966-ல் தொடங்கியதும் அவரும் அவர் மாணவர்களும்தான். அங்கே இளங்கலைக்கு இவன் விண்ணப்பம் போடுகிறான். வரைந்து காட்டச் சொல்வார்கள் என்பதால் வாரத்தில் மூன்று மாலை பென்சிலோடு உட்காருகிறான். பெயின்ட்டில் இருக்கிற தைரியம் பென்சிலில் இன்னும் வரவில்லை. கை சுவர் அளவுக்குப் பழகிவிட்டது, தாளில் மூச்சு முட்டுகிறது. மாதிரிக்கு அவன் அப்பாவே உட்காருகிறார். கைகளைத்தான் அதிகம் வரையச் சொல்கிறேன். நாலு வருடப் படிப்பு, சம்பாத்தியம் குறையும், வீட்டில் அதற்கு ஒரு வழி சொல்ல வேண்டும். சனி, ஞாயிறு வேலை என் கடையில் உண்டு என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பையன்கள் கடைக்கு வந்துவிட்டார்கள். ஒருவன் அவனோடு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவன், பட்டை பிரஷ்ஷை இன்னும் சரியாகப் பிடிக்கத் தெரியாது. ஆனால் எழுத்துக்கு நடுவே விடுகிற இடைவெளியில் கண் இருக்கிறது. அதனால் இப்போது எந்தக் காண்ட்ராக்டர் வந்தாலும் நான் முதலில் பேசுவது மூலையைப் பற்றித்தான்: எந்தப் பக்கம், எத்தனை அங்குலம், எத்தனை பேர். அது முடிந்த பிறகு சதுர அடி விலை.